நண்டுகள் கொடுத்த சம்மதம்

அன்றைய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நண்டுகள் காலையிலேயே வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்டன. கடலாமைகள் வழக்கம்போலத் தாமதம். கடலோரத்தில் பெரிய விடுதி கட்ட வேண்டுமானால், அந்தக் கரையில் குடியிருக்கும் உயிர்களின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. கொடுக்குத் தட்டுவதையும் துடுப்பு அசைப்பதையும் அந்தந்த ஊர்த் தமிழாக்கித் தரும் ‘உயிர்மொழிப் பெட்டி’ வந்த பிறகு, எப்படிக் கேட்பது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

வெண்முனைக் கரையில் அலைக்கு மேலே மிதக்கும் முந்நூறு அறை விடுதி சகாயராணியின் பத்து வருடக் கனவு. ஒரு கரைக்கு ஒரே ஒரு தடவைதான் விண்ணப்பிக்கலாம். இன்று இல்லை என்றால் இல்லைதான், அப்பீல் கிப்பீல் எதுவும் கிடையாது.

மனுஷப் பிறவி சும்மா இருக்குமா? முந்தின நாளே ஏஜென்ட் அந்தோணிப்பிச்சையைப் பிடித்து, பக்கத்துக் கீழமுனைக் கரையிலிருந்து இரண்டு லாரி நண்டுகளை இறக்கிவிட்டாள். தலைக்கு ஒரு மத்தி மீன் தலை என்று பேச்சு.

“கூட்டத்தக் காட்டுனாத்தான்க்கா காரியம் நடக்கும். பூட்டன் காலத்துல இருந்து இதுதான வழக்கம்?” என்றான் அவன்.

அதிகாரி வேதநாயகம் பெட்டியை முடுக்கினார். “இந்தக் கரையில விடுதி வரலாமா?”

“வேணும்! வேணும்! விடுதி வேணும்!” என்று கீழமுனை நண்டுகள் கொடுக்கை ஆட்டி ஆர்ப்பரித்தன. அடேயப்பா, என்ன சத்தம்! வாங்கின மீனுக்கு வஞ்சகமில்லை.

பிறகு வெண்முனையின் கிழட்டு நண்டு ஒன்று மெல்ல முன்னால் வந்தது. “எங்களுக்கும் சம்மதந்தான். மனுசங்க வந்தா மிச்சம் மீதி விழும். ராவுல வெளக்க அணைச்சிரணும், அவ்வளவுதான்.”

அப்போதுதான் வந்து சேர்ந்த ஆமைகளும் அதையே சொல்லின. சகாயராணிக்குத் தலைகால் புரியவில்லை. “அணைச்சிருதேன், தாயி! மெழுகுவர்த்திகூடப் பொருத்த மாட்டேன்!” என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள்.

வேதநாயகம் மணலை ஒருமுறை கண்ணால் அளந்தார். “ஏம்மா, இத்தன நண்டும் இந்தக் கரைதானா?”

வெளியூர் என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும். “பரம்பர பரம்பரையா இங்கதான் சார்!”

“பரம்பர!” என்று நண்டுகளும் ஒத்து ஊதின.

அதிகாரி துள்ளிக் குதிக்காத குறை. அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இவ்வளவு நெருக்கமா நண்டு வாழ்ற கரைய என் சர்வீஸ்ல பாத்ததில்ல! சட்டப்படி இது இனிமே நண்டுக் காப்பகம். யார் சம்மதிச்சாலும் இங்க ஒரு குச்சிகூட நட முடியாது. வாழ்த்துக்கள்மா!”

கிழட்டு நண்டு சகாயராணியைப் பரிதாபமாகப் பார்த்தது. “நாங்க மொதல்லயே சரின்னுதான இருந்தோம். ஒரு எட்டு வந்து எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா?”

அவளுக்கு முதலில் அழுகை முட்டியது. அடுத்த நிமிஷமே, தன் சாமர்த்தியத்தை நினைத்து வயிறு குலுங்கச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் மூளை வேலை செய்தது. கீழமுனைக் கரை சும்மாதானே கிடக்கிறது? அங்கே இன்னும் யாரும் விண்ணப்பிக்கவில்லையே! அதிகாரி அந்தப் பக்கம் நகர்ந்ததும், லாரியில் வந்த நண்டுகளின் தலைவியிடம் போய் மணலில் உட்கார்ந்தாள்.

“உங்களத் திரும்பக் கொண்டுபோய் விட்டுருதேன். இந்தத் தடவ ஒளிவுமறைவு இல்லாம நேராவே கேக்கேன். உங்க கரையில நான் விடுதி கட்டலாமா?”

“தாராளமா கட்டுங்கக்கா. நீங்க வந்தா எங்களுக்கும் கொண்டாட்டந்தான்,” என்றது தலைவி நண்டு. “ஆனா தல மட்டும் பத்தாது. கூட்டத்துக்கு வந்து கொடுக்கத் தூக்கணும்னா முழு மத்தி.”

“இது என்ன அநியாயம்! உங்க சொந்த ஊரு, உங்களுக்கும் பிடிச்சிருக்கு. அப்புறமும் எதுக்குக் கூலி?”

தலைவி நண்டு இரண்டு கண்களையும் உயர்த்தி அவளை அதிசயமாகப் பார்த்தது.

“ஏக்கா, உங்க ஊர்ல பிடிச்சவருக்குன்னா ஓட்டு சும்மாவா போடுதாவ?”