நல்லெண்ணெய் போட்ட துவக்கு

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

எசன் நகரத் துப்பாக்கிப் பட்டறையில் தொலைபேசி அலறியபோது காலை ஒன்பதரை மணி.

இமெல்டா எடுத்தாள். ஏழு வருடமாகத் துப்பாக்கி பழுது பார்ப்பவள். "முதலாளி எங்கே?" என்று கேட்டு வரும் வேட்டைக்காரர்களுக்கு, "உங்கள் முன்னால்தான் நிற்கிறாள்" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றியவள்.

"அக்கா, நான் எமில்." பொலிஸ் புலனாய்வுப் பிரிவு. "றொனால்ட் அங்கிள் செத்திட்டார்!"

"என்ன?!"

"துவக்கு துடைக்கேக்கை வெடிச்ச மாதிரிக் கிடக்கு. நெஞ்சிலை பட்டிருக்கு. துவக்குத் தெரிஞ்ச ஆள் ஒராள் வேணும். நிபுணரைக் கேட்டு அன்ராக், விண்ணப்பம் போட்டா மூண்டு கிழமை. நீங்கள் வந்தா இருபது நிமிஷம்."

"வாறன்."

றொனால்டைத் தெரியாத தமிழர் எசனில் இல்லை. பதினொரு வருடமாகத் தமிழர் ஒன்றியத் தலைவர். வேட்டை லைசென்ஸ்காரர். சுட்ட மானோடு நிற்கும் படத்தைத் தன் பிறந்தநாள் கேக்கில் பதித்து, அந்த மானை வெட்டி ஊருக்கே ஊட்டிய மனிதர்!

வீட்டில் உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். கவிழ்ந்த கதிரை... இரத்தம்... சாப்பாட்டு மேசையில் வேட்டைத் துப்பாக்கி.

சோபாவில் மனைவி புஸ்பவதி. அழவில்லை. ஜன்னலோரம், செய்தி கேட்டு வந்த குணசேகரம். ஒன்றியத்தின் உபதலைவர். "அடுத்த முறை நீதான்" என்ற வாக்குறுதியை மட்டுமே உண்டு பதினொரு வருடம் உயிர் வாழ்ந்தவர்.

எமில் இமெல்டாவின் காதோடு சொன்னான்.

"ஞாயிற்றுக்கிழமை தலைவர் தெரிவு. காலமை எட்டு மணிக்கு அங்கிளுக்கும் இவருக்கும் பெரிய சண்டை. பக்கத்து வீட்டு மனுசி வேலைக்குப் போகேக்கை கேட்டிருக்கிறா. அன்ரி பாண் வாங்கப் போயிட்டு வந்து பாக்க, இவர் செத்துக் கிடந்தவராம்."

இமெல்டா மேசையைப் பார்த்தாள்.

நெயில் பொலிஷ் ரிமூவர்.

சைக்கிள் கிறீஸ்.

ஒரு போத்தல் நல்லெண்ணெய்!

செத்த வீட்டில் சிரிப்பு வந்தால் என்ன செய்வது? இருமினாள்.

"எமில், ரிமூவர் மரப்பிடியின்ரை வார்னிஷைத் தின்னும். கிறீஸ் குளிருக்கு இறுகிப்போம். நல்லெண்ணெய் கொஞ்ச நாளிலை பிசினாயிடும். இது துடைக்கிறதில்லை, தாளிக்கிறது!"

"அப்ப என்ன இருந்திருக்கோணும்?"

"குழலுக்குள்ளை வெடிமருந்துக் கரியும் செப்பும் ஒட்டியிருக்கும். அதைக் கரைக்கிறதுக்கெண்டே கரைசல் இருக்கு. கொஞ்ச நேரம் ஊற விட்டுத் துணியாலை இழுக்கோணும். பிறகு மெல்லிய துவக்கெண்ணெய், ரெண்டே ரெண்டு சொட்டு. றொனால்ட் அண்ணை எல்லாம் என்னட்டைத்தான் வாங்கிறவர்."

சோபாவிலிருந்து புஸ்பவதி நிமிர்ந்தாள்.

"வாங்கிறது அவர். துடைக்கிறது நான். என்ரை சாமான் அலுமாரியிலை இருக்கு, பாருங்கோ. இந்தக் குப்பையை நான் துவக்குக்குக் கிட்டவும் கொண்டு போகமாட்டன்."

எமில் திறந்தான். கரைசல், எண்ணெய், துணி, தூரிகை... கோயில் அலுமாரி மாதிரி ஒழுங்கு.

அப்படியென்றால் விபத்தில்லை! துப்பாக்கியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத யாரோ, சுட்டுவிட்டு, கையில் கிடைத்ததையெல்லாம் அடுக்கியிருக்கிறார்கள்!

இமெல்டா மெல்லத் திரும்பினாள்.

"குணசேகரம் அண்ணை, துவக்குக்கு என்ன எண்ணெய் விடுறது?"

"எண்ணெய் எண்ணெய்தானே பிள்ளை? நல்லெண்ணெய் எண்டா உடம்புக்கும் நல்லது..."

கிளிக்!

கைவிலங்கு விழுந்தது.

"ஐயோ தம்பி! நான் கத்தினனான், சுடேல்லை! துவக்கிலை எந்தப் பக்கத்தாலை குண்டு வரும் எண்டே எனக்குத் தெரியாது!"

"அதுதான் அங்கிள் எங்கடை சாட்சி!"

உபதலைவர் தரையில் உட்கார்ந்து விம்மினார்.

துப்பாக்கியைப் பத்திரமாக ஒப்படைக்க வேண்டுமே... இமெல்டா கையுறை மாட்டிக்கொண்டு தோட்டா அறையின் பூட்டை இழுத்தாள். வெடித்த தோட்டாவின் வெறும் கோது விழுந்தது. குழலை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

கண்ணைச் சுருக்கி மறுபடியும் பார்த்தாள்.

கரி எங்கே?

உள்ளே கண்ணாடி போல ஒரே பளபளப்பு! முகர்ந்தாள். கரைசலின் காரம். அதற்கு மேலே மெல்லிய எண்ணெய் வாசம். வெள்ளைத் துணியை விட்டு இழுத்தாள்.

வெள்ளையாகவே வந்தது!

"எமில்... அவரைக் கழட்டி விடு."

"என்னக்கா சொல்லுறீங்கள்?!"

"சுட்ட குழல் கரியாக் கிடக்கோணும். இது கிடக்கேல்லை. கரைசல் போட்டு, ஊற விட்டு, இழுத்து, ரெண்டு சொட்டு எண்ணெயும் விட்டாச்சு. எல்லாம் சுட்ட பிறகு! ஒண்டுந் தெரியாதவன் செய்யிற வேலையே இது?"

எல்லாக் கண்களும் சோபாவுக்குப் போயின.

"அக்கா," இமெல்டா சோபாவுக்கு முன்னால் போய் நின்றாள். "மேசையிலை எல்லாம் வேணுமெண்டே பிழையா அடுக்கினீங்கள். ஆனா குழலை..."

புஸ்பவதி பெருமூச்சு விட்டாள்.

"கோதைக்கூட மறக்காமல் திருப்பி வைச்சனான் பிள்ளை. குழலைத் துடைச்சது... கை தன்பாட்டிலை செய்திட்டுது. இருபத்திரண்டு வருஷம்! அவர் சுடுவார், நான் துடைப்பன். நானும் லைசென்ஸ் எடுக்கப்போறன் எண்டு இண்டைக்குச் சொன்னன். 'உனக்கேன் துவக்கு? துணி இருக்குதானே' எண்டு சிரிச்சார். ஞாயிற்றுக்கிழமை மேடையிலையும் இதைச் சொல்லப்போறாராம்."

குணசேகரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அதுக்கு என்னை ஏன் அக்கா மாட்டி விட்டனீங்கள்?"

"அதுவரைக்கும் நாய் பூனை மாதிரிச் சண்டை பிடிச்சனீங்கள். அந்த ஒரு பகிடிக்கு மட்டும் ரெண்டு பேரும் தோளிலை கை போட்டுச் சிரிச்சனீங்கள்!"

குணசேகரம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். பதினொரு வருடத்தில் முதல் தடவை!

"சுட்டதை விடுங்கோ அன்ரி," எமில் திணறினான். "துடைக்காமல் விட்டிருந்தா நீங்கள் தப்பியிருப்பீங்களே?"

"கரியோடை விட்டா இரும்பு கறள் பிடிச்சிடும் தம்பி!"

அவளே கைகளை நீட்டினாள். விலங்கு ஏறியது. இமெல்டாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த ஊரில் தன்னைப்போல் துப்பாக்கி தெரிந்த இன்னொருத்தி இருந்தாள் என்பது இப்போதுதான் தெரிகிறது... அதுவும் இப்படி!

வாசலில் புஸ்பவதி நின்றாள். எமில் பக்கம் மூக்கைச் சுளித்தாள்.

"தம்பி, உங்கடை இடுப்பிலை இருக்கிறதையும் ஒருக்காக் கழட்டித் துடையுங்கோ... குற்றவாளிக்கு முன்னாலை பொலிஸ் இப்பிடிக் கரி மணக்கப்படாது!"