கடைக்குட்டி பிளாட்பாரம்

அந்தப் புறநகர் ரயில் நிலையத்தில் காலை வேளையில் அதிகம் கேட்பது ரயில் சத்தம் அல்ல. "ஐயையோ, இது ஒண்ணாம் பிளாட்பாரம் இல்லையா?" என்ற அலறல்தான்.

வாசலில் நுழைந்ததும் எதிரே இருப்பது மூன்றாம் பிளாட்பாரம். பாலத்தில் ஏறி முதல் படிக்கட்டில் இறங்கினால் ஒன்று. கடைசிப் படிக்கட்டில் இறங்கினால் இரண்டு. மேலே பலகைகள் தொங்கத்தான் செய்தன. தலைதெறிக்க ஓடி வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால்தானே!

ஸ்டேஷன் மாஸ்டரின் மகளுக்குப் பத்து வயது. பள்ளிக்குக் கிளம்பும்வரை அம்மாவின் அறையில்தான் இருப்பாள். ஓயாமல் கேள்வி கேட்பதால், டிக்கெட் கொடுக்கும் மாமா அவளுக்கு 'கேள்விக்குறி' என்று பெயர் வைத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை, இஸ்திரி மடிப்புக் கலையாத உடையில் ஓர் அக்கா வாசலருகே நிம்மதியாக நின்றிருந்தார். ரயில் வந்தது. ஆனால் அங்கே அல்ல, அடுத்த பிளாட்பாரத்தில்! அவர் பாலத்தில் பாதி ஏறுவதற்குள் அது கிளம்பிவிட்டது.

அக்கா அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

கேள்விக்குறி தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடினாள்.

"வேலைக்குச் சேர்ற முதல் நாள் பாப்பா. போன்ல சார்ஜும் இல்ல. முதல்ல இருக்கிறது ஒண்ணுன்னு நினைச்சுட்டேன்."

"எங்கம்மா போன்ல பேசுங்கக்கா. அடுத்த ரயில் வந்துடும். இந்தத் தடவை நானே கூட்டிட்டுப் போறேன்."

அலுவலகத்துக்குப் பேசிய பிறகுதான் அக்காவின் முகம் தெளிந்தது. அவரை ரயில் ஏற்றிவிட்டு வந்தவள், நேராக அம்மாவிடம் போனாள்.

"ஏம்மா இப்படி நம்பர் போட்டாங்க? எண்ணத் தெரியாதா?"

அம்மா சிரித்தார். "நல்லாவே தெரியும். முதல்ல இங்க ஒரே ஒரு பிளாட்பாரம்தான். பக்கத்துல சோப்புத் தொழிற்சாலை இருந்துச்சு. அங்க வேலை செய்றவங்களுக்காகக் கட்டினது. அதுதான் ஒண்ணு. அப்புறம் திரும்பி வர்ற ரயிலுக்குத் தனியா ஒரு பாதை போட்டாங்க. அதுக்கு அந்தப் பக்கம் ரெண்டு."

"மூணு?"

"தொழிற்சாலை மூடினதும் அந்த இடத்துல வீடுகளா வந்துடுச்சு. கூட்டம் தாங்கல. மிச்சம் இருந்த இடத்துல மூணாவதைக் கட்டி, வாசலையும் இந்தப் பக்கம் மாத்திட்டாங்க."

"அப்போ பிறந்த வரிசைதான் நம்பரா! மாத்திடலாமே?"

"சிக்னல், கம்ப்யூட்டர், டிரைவருக்குக் கொடுக்கிற தாள்னு எல்லாத்துலயும் மாத்தணும். மேலதிகாரிங்களுக்கு எழுதிப் போட்டிருக்கேன். நடக்கிறப்போ நடக்கட்டும்."

மறுநாள் கேள்விக்குறி வாசலில் நின்று, "இது மூணு! இது மூணு!" என்று கத்திப் பார்த்தாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். சிலர் அவள் ஏதோ விற்கிறாள் என்று நினைத்து, "வேணாம்மா" என்று நகர்ந்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொன்னால் காதில் விழாது. ஆனால் ஒரு கதை என்றால் எல்லாரும் நின்று கேட்பார்களே!

அம்மாவிடம் அனுமதி வாங்கி, ஒரு கரும்பலகையில் கலர் சாக்பீஸால் எழுதினாள். அதை வாசலின் நடுவே, கண்ணுக்கு நேராக நிறுத்தினாள்.

"வணக்கம்! நான்தான் இந்த வீட்டுக் கடைக்குட்டி. மூன்றாவதாகப் பிறந்தேன், அதனால் என் எண் 3. செல்லப் பிள்ளை என்று வாசலிலேயே இடம் கொடுத்துவிட்டார்கள்! மூத்த அக்காவைப் (1) பார்க்க வேண்டுமா? பாலம் ஏறி முதல் படிக்கட்டில் இறங்குங்கள். நடு அக்கா (2) கடைசிப் படிக்கட்டில் இருக்கிறாள்."

கீழே மூன்று பெண்களின் முகம். கடைக்குட்டிக்கு மட்டும் முன்பல் இல்லை.

டிக்கெட் மாமா எட்டிப் பார்த்தார். "இது ஸ்டேஷனா, குடும்ப போட்டோவா?"

"ரெண்டும்தான் மாமா!"

முதலில் ஒரு கல்லூரி மாணவர் நின்று படித்தார். சிரித்துவிட்டுப் பாலம் ஏறினார். அவர் சிரிப்பதைப் பார்த்து இன்னும் நாலு பேர் நின்றார்கள். ஒரு குட்டிப் பையன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தான். "அப்பா, நம்ம ரயில் பெரியக்காகிட்டப்பா!"

அந்த வாரம் முடிவதற்குள் நிலையத்தின் பேச்சே மாறிவிட்டது.

"இன்னைக்கு ரயில் எங்க?"

"நடு அக்காகிட்ட. சீக்கிரம் வா!"

வெள்ளிக்கிழமை காலை ஒலிபெருக்கி கரகரத்தது. அம்மாவின் கம்பீரமான குரல்தான்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நகரம் செல்லும் ரயில் இன்னும் சற்று நேரத்தில் மூத்த அக்கா... மன்னிக்கவும்... முதலாவது நடைமேடைக்கு வந்து சேரும்."

நிலையமே கொல்லென்று சிரித்தது. கேள்விக்குறி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒன்றாம் பிளாட்பாரத்தில்தான் நின்றிருந்தார்கள்.