ஆணியில் தொங்கிய புதுத் துண்டு

வெள்ளிக்கிழமைதோறும் விடியற்காலையில் சிங்கவரத்து மலைக்கோயிலுக்கு நடந்து போவது இளையபெருமாளின் வழக்கம். சைக்கிள் கடை தனகோட்டியும் கூடவே கிளம்பிவிடுவான். ரங்கநாதரைச் சேவிப்பதைவிட, சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதரிடமிருந்து பழைய வழக்குக் கதைகளைப் பிடுங்குவதில்தான் அவனுக்கு ஆசை அதிகம். பெருமாள் அதையும் பக்தியிலே சேர்த்துக்கொள்வார் என்பது இளையபெருமாளின் நம்பிக்கை.

அன்று இருவரும் வாசலைத் தாண்டுவதற்குள் மளிகைக் கடை துரைராஜ் ஓர் ஆளின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இளையபெருமாளு, ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னால உன்கிட்ட வந்திருக்கேன். இவன் வாயத் தொறக்க வையி. எம் பொண்ணு சாகக் கெடக்குறா. எனக்கு நேரமில்ல."

இழுத்து வரப்பட்டவன் பாவாடை. அனந்தபுரத்து மில்காரரின் கார் டிரைவர். அவன் கன்னத்தில் விரல் தடம் சிவந்திருந்தது.

துரைராஜின் மகள் செந்தாமரை பெங்களூரில் இருக்கிறாள் என்பது செஞ்சிக் கடைத்தெரு முழுவதும் அறிந்த செய்தி. துரைராஜ் கறுப்புச் சட்டைக்காரர். ராகு காலத்தில் கடை திறந்தவர். அவர் மகளோ ஐயர் வைத்து, ஓமம் வளர்த்து, கோயிலில் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அதிலிருந்து நான்கு வருஷமாகப் பேச்சில்லை. புதன்கிழமை மாப்பிள்ளையிடமிருந்து தந்தி வந்தது. வயிற்றில் கட்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபரேஷன், பிழைப்பது கஷ்டம், நைனாவைப் பார்க்கவேண்டும் என்கிறாள்.

"மில்காரர் வண்டியக் கேட்டேன், நேத்து சாயங்காலந்தான் வுட முடியும்னாரு. புதன்கெழம ராத்திரியே கடையில ஒக்காந்து, எந்த வழியாப் போறதுன்னு ரோடு போட்டோம். இருட்டோட கெளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்கு பெங்களூரு. இப்ப வண்டி கெளம்பல. உள்ள இருக்குற சாமான் ஒண்ணக் காணோம். இவன்தான் கழட்டினான், இவனே தெரியாதுங்குறான்."

"எவனோ காசு குடுத்திருக்கான் சார்!" என்றான் தனகோட்டி.

"முதல்ல வண்டியப் பாக்கலாம்," என்றார் இளையபெருமாள். கோயில் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார்.

துரைராஜின் வீடு கடைக்குப் பின்னால். பக்கத்துக் கொட்டகையில் அம்பாசடர் நின்றது. இரண்டு மாற்று டயர்கள், பெட்ரோல் டின், தண்ணீர்க்குடம், புளிச்சோற்று மூட்டை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பின்சீட்டில் துரைராஜின் மனைவி வள்ளியம்மை இறங்காமலே உட்கார்ந்திருந்தாள். இறங்கினால் பயணம் நின்றேவிடும் என்று நினைத்தாள் போலும். துரைராஜின் தங்கை மகன் கிருஷ்ணமூர்த்தி கொட்டகை ஓரத்தில் நின்றான். கடையை இப்போது பார்த்துக்கொள்பவன் அவன்தான்.

"நீ சொல்லு பாவாடை. அடிச்சத மறந்துட்டுச் சொல்லு," என்றார் இளையபெருமாள்.

"ராத்திரியில வண்டி நின்னா ரோட்டாரக் கழட்டி வெச்சுடுவேங்கய்யா. மில்காரர் ஏற்பாடு. பெருவெரல் அளவு சாமான். அது இல்லன்னா இன்ஜின்ல தீப்பொறி வராது, எவனும் ஓட்டிக்கினு போவ முடியாது. நேத்து சாயங்காலம் கழட்டி என் துண்டு மூலையில முடிஞ்சு இந்த ஆணியில மாட்டிட்டு, குளிக்கப் போனேன். வந்தப்ப இருட்டிடுச்சு. துண்டு இருந்துச்சு, தொட்டுப் பாத்தேன், முடிச்சும் இருந்துச்சு. படுத்துட்டேன். காலையில அவுத்தா இது."

அவன் உள்ளங்கையை விரித்தான். ஒரு மஞ்சள் கிழங்கு, ஒரு கொட்டைப்பாக்கு, ஒரு நாணயம். தோளில் கிடந்த சிவப்புத் துண்டு கஞ்சி மொடமொடப்புப் போகாத புதுத் துண்டு.

"இது உன் துண்டில்லையா?"

"என்துல ஓட்டைதான் அதிகம் சாமி. இவ்ளோ நல்ல துண்டு எனக்கு ஏது?"

"கத வுடறான்!" என்று சீறினார் துரைராஜ்.

தனகோட்டி அதற்குள் கிருஷ்ணமூர்த்தியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்தான். இளையபெருமாளின் காதருகே, "சார், இவன் நகத்துல கிரீஸ். அப்பனும் பொண்ணும் சேர்ந்துட்டா கடை யாருக்குப் போவும்?" என்றான். மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தான். கொட்டகை முழுக்கக் கேட்டது.

"ஏண்டா, நேத்து உன் கடையிலதான் செயின் மாட்டினேன்! நீயே கிரீஸ் டப்பாவ எடுத்துக் குடுத்துட்டு இன்னா பேச்சு பேசற?" என்றான் கிருஷ்ணமூர்த்தி.

தனகோட்டிக்குக் காது மடல் சுட்டது.

இளையபெருமாள் சிரிக்கவில்லை. "ரோடு போட்டோம்னியே துரைராசு, யார் யார் இருந்தீங்க?"

"நான், இவன், கிருஷ்ணமூர்த்தி. கல்லாப்பெட்டி மேல வேர்க்கடலைய ஊரா வெச்சோம். திருவண்ணாமல, செங்கம், ஊத்தங்கர, கிருஷ்ணகிரி, ஓசூரு. செங்கத்துக்கு அப்பால ரோடு மோசம், மெதுவாத்தான் போவணும்னு இவன் சொன்னான். ஊத்தங்கரயில ரேடியேட்டருக்குத் தண்ணி, கிருஷ்ணகிரியில பெட்ரோல். எல்லாம் சரியாத்தான் பேசினான். எங்க அக்கா காபி கொண்டாந்துச்சு. 'வெள்ளிக்கிழமையா, மேக்க போறீங்களே'ன்னு இழுத்துச்சு. கிழமையா பெட்ரோல் குடிக்குதுன்னு கேட்டேன். போயிடுச்சு."

"ஞானம்பாள் அக்கா எங்க, காணோமே?"

"நேத்து சாயங்கால பஸ்ல ஆலம்பூண்டிக்குப் போச்சு, அது கொழுந்தன் வீட்டுக்கு. வண்டி அந்தப் பக்கமாத்தானே போவுது, ரோட்டோரம் நின்னு வழியனுப்புறேன்னுது."

இளையபெருமாள் கார்க் கதவருகே போனார். "தங்கச்சி, வீட்டுல வேற ஏதாவது காணோமா? காசு பெறாத சாமானா இருந்தாலும் சொல்லும்மா."

வள்ளியம்மை யோசித்தாள். "என் பழைய ரவிக்க ஒண்ணு. கொடியில போட்டிருந்தேன். காத்துல போயிருக்கும்."

"அட, என் கறுப்புச் சட்டையும் காணோம்," என்றார் துரைராஜ். "அதப் போட்டுக்கினு போலாம்னு தேடினேன்."

"கிருஷ்ணமூர்த்தி, உன்னுது?"

"என் டெரிலின் சட்ட அதே கொடியிலதான் இருக்குது. யாரும் தொடல."

இளையபெருமாள் கண்ணை மூடினார். தனகோட்டி அவர் உதடுகளைப் பார்த்தான். ஏதோ திருநாமம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி கொஞ்சமும் இல்லை.

"தனகோட்டி, திருடன் டெரிலின் சட்டைய வுட்டுட்டு ஏன் பழைய ரவிக்கைய எடுக்கணும்?"

"பைத்தியக்காரத் திருடன் சார்."

"எடுத்த எடத்துல புதுத் துண்டு மாட்டிட்டுப் போற திருடன் எங்கயாவது உண்டா? அதுல மஞ்சளும் பாக்கும் காசும் முடிஞ்சு வெச்சிருக்கு. அது மங்கலமான கை. காணாமப் போன சாமானுங்க யார் யாரோடதுன்னு பாரு. துரைராசுது, தங்கச்சிது, பாவாடைது. இந்த வண்டியில ஏறப்போற மூணு பேரோடது மட்டும். ஏறாதவன் சட்டைய யாரும் தொடல."

இளையபெருமாள் துரைராஜின் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழம மேக்க சூலம். அந்தத் திசையில போவக் கூடாதுன்னு சொல்லுவாங்க. போயே ஆகணும்னா ஒரு வழி இருக்குது. பரஸ்தானம். முந்தின நாள் நல்ல நேரத்துல, போறவங்க போட்டுக்கிட்ட துணி ஒண்ண எடுத்து அந்தத் திசையில இருக்குற ஒரு வீட்டுல கொண்டுபோய் வெச்சுடணும். அப்ப அவங்க முந்தின நாளே பொறப்பட்டுட்டதாக் கணக்கு. வெள்ளிக்கிழமத் தோஷம் ஒட்டாது. ஆலம்பூண்டி மேக்கதான் இருக்குது. ரோட்டோரம் நிக்கிறேன்னு அக்கா சொன்னது, மூட்டைய வண்டியில ஏத்தி வுடத்தான். நீ திட்டுவேன்னு உன்கிட்ட சொல்லல."

"அக்காவா?" என்றார் துரைராஜ். பிறகு வெடித்தார். "எதுக்காக எம் பொண்ணோட நாலு வருஷம் பேசாம இருந்தேனோ, அதே எழவு என் வண்டிக்குள்ளயே பூந்துடுச்சா! போயி நாலு வார்த்த கேக்காம வுட மாட்டேன்!"

"கேளு. ஆனா ஒண்ண நெனச்சுப் பாத்துட்டுக் கேளு. உன் துணியையும் தங்கச்சி துணியையும் எடுத்தது பாசம். டிரைவருக்கும் சேத்து எடுத்துச்சே, அது என்னா? கூடப் போறவனும் பத்திரமாத் திரும்பணும்னு நெனச்சிருக்குது. அவனுக்கு இருக்குறது ஒரே துண்டுன்னு பாத்து, கடையில புதுசு வாங்கி மாட்டியிருக்குது. அடுத்தவன் முடிச்ச அவுக்கக் கூடாதுன்னு அவுத்துக்கூடப் பாக்கல. அவுத்துப் பாத்திருந்தா வண்டி இந்நேரம் செங்கத்துல இருக்கும். அது செஞ்ச நல்லதுதான் இன்னிக்கு உன்னக் கெடுத்துடுச்சு. இது தெரிஞ்சா அந்தப் பொம்பள அப்புறம் ஒரு நாள் நிம்மதியா இருக்குமா?"

துரைராஜ் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். வள்ளியம்மை இறங்கி வந்து, பாவாடையின் கையில் ஒரு டம்ளர் காபியைக் கொடுத்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் குடித்தான்.

தனகோட்டி சைக்கிளை எடுத்தான். "டயர் பஞ்சர், அதான் நேரமாயிடுச்சுன்னு மட்டும் சொல்லு," என்று இளையபெருமாள் வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினார்.

கோட்டை மலைகளுக்கு நடுவே போகும் திருவண்ணாமலைச் சாலையில் அவன் மிதித்த மிதிக்குச் செயின் அறாதது ஆச்சரியம். ஆலம்பூண்டியில் புளியமரத்தடியில் ஞானம்பாள் நின்றிருந்தாள். இடுப்பில் மூட்டை, கையில் வெல்லப் பொட்டலம். இருட்டிலிருந்து நிற்கிறாள் என்று பக்கத்து டீக்கடைக்காரன் சொன்னான்.

"வண்டி எங்கடா தம்பி? இன்னா ஆச்சு?"

"டயர் பஞ்சர் அத்தை, இப்ப வந்துடும். டிரைவருக்கு அவனோட பழைய துண்டுதான் வேணுமாம். ராசியான துண்டாம்."

ஞானம்பாள் சிரித்தாள். "கறுப்புச் சட்டக்காரனுக்கு ராசி பாக்குற டிரைவரு வாய்ச்சானா! இந்தா. முடிச்சுல இன்னாவோ வெச்சிருக்கான், பத்திரம். மத்தது இங்கயே இருக்கட்டும், அவங்க வந்து எடுத்துக்கணும்."

அவன் திரும்பியபோது ராஜகிரிக் கோட்டைமேல் வெயில் நன்றாக ஏறிவிட்டது. பாவாடை பேசாமல் ரோட்டாரை உள்ளே பொருத்தினான். ஒரே இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"போய்ச் சேந்துடலாமா பாவாடை?" என்று துரைராஜ் கேட்டார். இரவெல்லாம் வேர்க்கடலையை நகர்த்தித் திட்டம் போட்ட மனிதரின் குரல் இல்லை அது.

"பொய் சொல்ல மாட்டேங்க. கஷ்டம். ஏறுங்க, ஓட்டிப் பாக்கறேன்."

அடுத்த வாரம் பாவாடை சைக்கிள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். கேட்காமலே சொன்னான்.

"ஆலம்பூண்டியில அந்தம்மா சூலத்துக்குப் பரிகாரம்னு வாயில வெல்லம் போட்டுச்சு. பெரியவரு ஒரு வார்த்த பேசாம வாங்கித் தின்னாரு. எனக்கும் போட்டுச்சு. அப்பால எங்கயும் நிக்கல. ஊத்தங்கரயில தண்ணி மட்டும் ஊத்தினேன். ஓசூரத் தாண்டும்போதே பொழுது சாஞ்சிடுச்சு. நாங்க போனப்ப துணி போத்தியிருந்தாங்க அண்ணே. ஆபரேஷனுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாலயே மூச்சு நின்னுபோச்சாம். மூணு மணி வரைக்கும் அந்தப் பொண்ணு கண்ண மூடாம வாசலயே பாத்துக்கினு இருந்துச்சாம். மாப்பிள்ள சொன்னாரு."

தனகோட்டி கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தான். இளையபெருமாள் துப்புத் துலக்கியதை ஊரெல்லாம் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தவன், எழுந்து போய் அவனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தான்.

சாயங்காலம் இளையபெருமாளோடு துக்கம் கேட்கப் போனான். கூடத்தில் பாயில் துரைராஜ் உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்யாத முகம். சுவரோரம் வள்ளியம்மை. ஞானம்பாள் அப்போதுதான் ஆலம்பூண்டியிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். காய்ச்சலில் படுத்துவிட்டதால் முன்னமே வர முடியவில்லை. அழுது ஓய்ந்தபின் தம்பியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"டேய், மறைக்காம சொல்லு. கொழந்தைய உசுரோட பாத்தியா?"

இளையபெருமாள் தலையைத் தாழ்த்திக்கொண்டார். பொய் என்றால் ஆத்திரப்படுகிற மனிதர் துரைராஜ். சாமி பொய் என்று மேடை ஏறிச் சொன்னவர். ஒரு முழு நிமிஷம் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேன்க்கா."

"பேசினாளா?"

"பேசினா. 'நைனா வந்துட்டியா'ன்னா."

ஞானம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகை வேறு மாதிரி வந்தது, சுமை இறக்கிய அழுகை. பிறகு, கேட்கக் கூடாதோ என்ற தயக்கத்தோடு, "என்ன ஏதாவது கேட்டாளாடா?" என்றாள்.

துரைராஜின் உதடுகள் அசைந்தன. அவரால் அதற்குமேல் முடியவில்லை என்பது தனகோட்டிக்குத் தெரிந்தது.

சுவரோரமிருந்து வள்ளியம்மை எழுந்தாள். போர்த்திய துணியை விலக்கி மகளின் முகத்தைப் பார்த்தவள் அவள்தான். நாத்தனாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கலைந்து கிடந்த நரைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

"கேட்டா அண்ணி," என்றாள். "'அத்த நல்லா இருக்குதா'ன்னு கேட்டா."