பொருந்தாத ஒரு கோப்பு

எல்லாம் பொருந்தின, ஒரு கோப்பைத் தவிர.

கட்டடங்களை லேசரால் அளக்கும் அந்த அலுவலகத்தில், விடுமுறை நாளின் பிற்பகலில் அவள் மட்டும் இருந்தாள். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த ஸ்கேன் கோப்புகளை, பழைய பதிப்பு ஒன்றுகூட விடுபடாமல், புதிய சேமிப்பகத்துக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போல ஓர் எண் உண்டு. மூலத்தின் எண்ணும் நகலின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். போன முறை ஒரு வாடிக்கையாளரின் வரைபடங்களைத் தொலைத்தவள் அவள். இன்னொரு முறை சொதப்பினால் வேலை போய்விடும்.

பொருந்தாதது, இதே அலுவலகத்தின் ஸ்கேன். நகலெடுக்கும்போதே யாரோ அதில் புதிய பதிப்பைச் சேர்த்திருந்தார்கள். ஸ்கேன் எடுப்பவரை அழைத்தாள்.

“அண்ணே, இன்னைக்கு யாரும் கை வைக்கக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?”

“நான் எங்கம்மா கை வச்சேன்? பாப்பாவைக் குளிப்பாட்டிட்டிருக்கேன், கையெல்லாம் சோப்பு. கருவியே பெட்டியில பூட்டியிருக்கு.”

“அப்ப பேய் வந்து மாத்திச்சா?”

“இருக்கும். சம்பளம் கேக்காம இருந்தா சரி.”

அவள் நம்பவில்லை. அவருடைய மச்சான் வேலை தேடிக்கொண்டிருந்தான்.

ஆதாரத்துக்காகப் புதிய பதிப்பைத் திறந்தாள். சர்வர் விசிறிகளின் இரைச்சலும் சூடேறிய தூசியின் வாசனையும் அறையை நிறைத்திருக்க, திரையில் சாம்பல் புள்ளிகள் மெல்ல மெல்லச் சேர்ந்து வெளியே இருக்கும் நடைவழியாக உருக்கொண்டன. நடுவே ஒரு கறுப்பு ஓட்டை. லேசரை ஏதாவது மறைத்தால் அதன் பின்னால் புள்ளி விழாது. ஆனால் நடைவழியில் தூண் கிடையாது. ஓட்டை ஆளுயரம் இருந்தது.

மறுபடியும் நகலெடுத்தாள். மறுபடியும் அதே கோப்பு பொருந்தவில்லை. அதில் இன்னொரு பதிப்பு.

இப்போது நடைவழி காலி. கறுப்பு அவளுடைய அறை வாசலில் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. மூடியதாகத்தான் ஞாபகம். வாசலில் யாரும் இல்லை.

எழுந்து போய்விடலாம். போனால், நாளைக்கு இந்த நாற்காலியில் மச்சான்.

மூன்றாவது முறை ஓட்டினாள். காத்திருந்தாள். பின்கழுத்து குளிர்ந்தது.

எல்லாம் பொருந்தின.

மூச்சு விட்டாள். இந்த முறை எதுவும் மாறவில்லை. எதுவும் நகரவில்லை.

அந்தக் கோப்பைக் கடைசியாகத் திறந்தாள். மூன்றாவது நகல் தொடங்கும் முன்பே அதில் இன்னொரு பதிப்பு சேர்ந்திருந்தது. வாசல் காலி. அவளுடைய மேசை. நாற்காலி. அதில், முதுகைக் காட்டியபடி, சாம்பல் புள்ளிகளாலான அவள்.

இடது தோளில் மட்டும் சில இடங்களில் புள்ளிகள் இல்லை.

மெல்லிய கறுப்புக் கோடுகள். விரல் விரலாக.