செம்புக் காசில் ஒரு காது

நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இருந்தால் எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பற்களும் இன்றே விழட்டும். அவற்றில் இரண்டு ஏற்கெனவே ஆடுகின்றன என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் இருந்தார்; அவர் முதலில் கவனித்தது காதைத்தான். மண் இறுகிக் கட்டியாகிப்போன பழைய ரோமானியச் செம்புக் காசு ஒன்றை, காய்ச்சி வடித்த நீரில் நாற்பது நாள் ஊறப்போட்டு, தினமும் மூங்கில் குச்சியால் கடுகளவு அழுக்கை நெம்பி நெம்பி எடுத்ததில், பக்கவாட்டில் பார்க்கும் ஒரு தலையும் அதன் காதும் வெளியே வந்தன. காது மடலில் ஒரு பிளவு. சிறுவயதில் நாய் கடித்து அவருக்கும் அதே இடத்தில் பிளவு உண்டு. சிரித்துக்கொண்டே தன் காதைத் தடவினார்.

பிளவைக் காணோம். மழமழவென்று இருந்தது.

ரோமானியக் காசுகளின் அட்டவணைப் புத்தகத்திலிருந்த அத்தனை சக்கரவர்த்திகளின் காதுகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நாய் கடித்த சக்கரவர்த்தி ஒருவருமில்லை. காசை விற்ற வியாபாரிக்குப் போன் செய்தார்.

"ஆள் யாருன்னு தெரியலேன்னா போகட்டும் சார், குச்சியைக் கீழ வெச்சிடுங்க. உங்களுக்குத்தான் கை நிக்காதே! போன தடவை சுரண்டிச் சுரண்டி ஒரு ராணிக்கே மீசை வர வெச்சீங்க."

குச்சியை அவர் கீழே வைக்கவில்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், குளிர்பதனப் பெட்டி அவ்வப்போது நடுங்கி அடங்கும் ஓசை, விரல்களில் போகாத செம்பு வாடை, இவ்வளவுதான் அந்த வீடு. காசில் இருப்பவர் யாரென்று தெரிந்துவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவராவது இருப்பாரே!

அந்த வாரம் முடிதிருத்துபவர் கத்தியை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்ன பெரியவரே, கன்னத்துல மேடு பள்ளமே காணோம்? சில்வர் தட்டைச் சவரம் பண்ற மாதிரி வழுக்குது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வீடியோவில் வந்தாள். வாரத்தில் அவர் முகத்தை ஆசையாகப் பார்க்கும் ஒரே ஆள்.

"அப்பா, கேமராவைத் தொடைங்க. மூஞ்சி மசமசன்னு இருக்கு."

"தொடைச்சேம்மா."

"அடுத்த வாரமும் இப்படியே இருந்தா வீடியோ வேணாம்ப்பா. யாரோ மாதிரி இருக்கு, பயமா இருக்கு."

கண்ணாடி முன் போய் நின்றார். எந்தக் காசிலும் தேய்மானம் மேடான இடங்களில்தான் தொடங்கும். காது, கன்னம், மூக்கு. கண்ணாடியிலும் அதே வரிசை.

காசைத் துடைத்து இழுப்பறையில் பூட்டினார். தண்ணீர் இல்லை, குச்சி இல்லை. ஆனாலும் காலையில் திறக்கும்போதெல்லாம் காசில் புதிதாக ஏதோ துலங்கியிருந்தது. ஒரு நாள் தாடை. மறுநாள் கழுத்துச் சுருக்கம். அதற்கும் மறுநாள், மூக்கின் மேல் மூக்குக்கண்ணாடி பதிந்த பள்ளம். ரோமாபுரியில் எவன் கண்ணாடி போட்டான்?

மறு ஞாயிறு. மகள் கூப்பிட இன்னும் ஒரு மணி நேரம். உப்புத்தாளை எடுத்தார். அந்த முகம் தேய்ந்தால் இந்த முகம் திரும்பும் என்று ஒரு நப்பாசை. தேய்த்தார். மூச்சு வாங்க, தோள் கழல, செம்பு வாடை தொண்டைவரை ஏறத் தேய்த்தார்.

காசில் ஒரு கீறல் இல்லை.

விரல் நுனிகளில் ரேகை இல்லை.

போன் அடித்தது. விரல் வழுக்கியதால், புத்தகத்தில் சாய்த்து வைத்திருந்த போனை மணிக்கட்டால் அழுத்தினார். அதன் எதிரே மேசையில் காசு. பின்னால் அவர்.

"அப்பா! இப்பதான் பளிச்சுனு தெரியறீங்க! அப்படியே இருங்க, அசையாதீங்க."

அவருக்கு உயிர் வந்தது. பேச வாயைத் திறக்கப் போனார்.

திறக்க வாய் இல்லை.

மகளின் கண்கள் அவரைப் பார்க்கவில்லை. கீழே. மேசையை.

பக்கவாட்டில் இருந்த முகம் மெல்ல, மிக மெல்ல, நேராகத் திரும்பியது. இரண்டாவது கண். இரண்டாவது காது. செம்பு உதடுகள் பிரிந்தன.

"சொல்லும்மா."

அவருடைய குரல்.

இதில் நான் விசாரித்து உறுதி செய்துகொண்ட தகவல் ஒன்றுதான்: அவருக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை.