பத்துக் கிலோ

விளையாட்டு ஆசிரியை வலது காலை எடுத்த பிறகும் எடை மிஷினில் நான்கு கிலோ நின்றது. மிஷின் பழசு, மெதுவாகத்தான் இறங்கும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். வாக்கரால் ஒரு தட்டுத் தட்டியதும் எண் பூஜ்யத்துக்குப் போனது.

அறுவை சிகிச்சை முடிந்து ஆறாவது வாரம். வலது பாதத்துக்குள் ஒரு தகடு, ஐந்து திருகாணிகள். இடது காலைப் பலகையிலும் வலது காலை மிஷினிலும் வைத்து, வாக்கரைப் பிடித்தபடி மெல்ல அழுத்திப் பழக வேண்டும். இந்த வாரம் பத்துக் கிலோ, அதற்கு மேல் கூடவே கூடாது. "தாண்டினா தகடு வளைஞ்சிடும் மேடம், அப்புறம் மறுபடியும் கத்திதான்" என்று பிசியோதெரபிப் பெண் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். இருபது வருடம் பிள்ளைகளை ஓட ஓட விரட்டியவளுக்கு இப்போது பத்துக் கிலோவைத் தாண்டாமல் நிற்பதுதான் பெரிய பந்தயம். தோற்றால் மைதானத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

பகலெல்லாம் வீட்டில் அவள் மட்டுமே. கணவர் பஸ் டிரைவர். மதியம் சாப்பிட வந்துவிட்டு மறுபடி டூட்டிக்கு ஓடிவிடுவார்.

மறுநாள் காலை, மின்விசிறி ஒரே சுருதியில் கிறீச்சிட்டுக்கொண்டிருக்க, களிம்பும் டெட்டாலும் மணத்த அந்த அறையில், தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் அவ்வளவு பதமாகப் பாதத்தை மிஷினில் வைத்தாள். எண்ணோ எட்டு, பத்து, பதின்மூன்று என்று அவளைக் கேட்காமலே ஏறியது. பதறிப்போய்க் காலை இழுத்தாள். லேசில் வரவில்லை. கூட்டமான பஸ்ஸில் யாரோ மிதித்துவிட்டு, மிதித்தது தெரிந்தும் நகராமல் நிற்பதுபோல் பாதத்தின் மேல் ஒரு பாரம். கூடவே, நனைந்து ஊறிய பழைய செருப்பின் வாடை.

வியாழக்கிழமை எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. ஒரு திருகாணி சாய்ந்திருந்தது.

"ஊன்றி நடந்திருக்கீங்க."

"சத்தியமா இல்ல டாக்டர்."

"படத்துல தெரியுதேம்மா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பாதத்தைக் காப்பாத்த முடியுமான்னு எனக்கே தெரியாது."

அன்றோடு பயிற்சியை விட்டாள். கட்டிலே கதி என்று கிடந்தாள். வெள்ளிக்கிழமை பட்டப்பகலில், அவள் பாதத்தை ஒட்டி மெத்தை மெதுவாக அமுங்கியது. பாரம் பாதத்தின் மேல் ஏறியது. வலித்தது. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மதியம் வந்த கணவரிடம் சொல்லிவிட்டாள்.

"என்னங்க, யாரோ என் கால் மேல நிக்கிறாங்க."

"ஏய் விசில் டீச்சர், ஒரு ஸ்கூலையே ஆட்டி வச்சவ நீ. ஓட்டை மிஷினுக்கா பயப்படுறே?"

"சிரிக்காதீங்க. எனக்கு நெஜமாவே பயமா இருக்கு."

அவள் கண் கலங்கியதும் அவர் சிரிப்பை நிறுத்தினார். அவளைக் கைத்தாங்கலாக எழுப்பி மிஷின் முன்னால் நிறுத்தினார். "நீ சும்மா வை. பக்கத்துலயே நானும் வைக்கிறேன். எவன் நிக்கிறான்னு பாத்துடலாம்."

அவள் பாதத்தை ஒட்டி அவருடைய வலது பாதம். எண் துள்ளியது. மின்விசிறிச் சத்தத்தையும் மீறிப் பலகை ஒருமுறை முனகியது.

"இப்ப எடு."

எடுத்தாள். கால் பஞ்சுபோல் வந்தது. அவரும் எடுத்தார். பூஜ்யம். மறுபடி அவள் மட்டும் வைத்து அழுத்தினாள். பத்து. எண் அசையவில்லை. சந்தோஷத்தில் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். "அவ்வளவுதான், மிஷின்ல ஏதோ கோளாறு" என்று சொல்லி, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மாடிப்படியில் அவர் இறங்குவது கேட்டது. ஒரு கால் லேசாக. ஒரு கால் தொம்மென்று. லேசாக. தொம்.

அந்தப் பாரத்தை அவர் தலையில் கட்டிவிட்டேனே என்று அவளுக்கு நெஞ்சு பதைத்தது.

"என்னங்க! போகாதீங்க!"

கீழே கேட் சாத்தும் சத்தம். போன் செய்தாள். டூட்டி என்றால் அணைத்துவைத்துவிடுவார். பத்துத் தடவை அடித்தாள். அணைந்தே இருந்தது.

மூன்று இருபதுக்கு அவர் ஓட்டும் பஸ் இந்தத் தெரு வழியாகத்தான் போகும். வாக்கரை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். பத்துக் கிலோ நினைவே இல்லை. எதிரே நிறுத்தத்தில் கூட்டம். பள்ளிவிட்ட பிள்ளைகள், பைகள், குடைகள்.

முனையில் பஸ் திரும்பியது.

இன்ஜின் அலறியது. வேகம் குறையவில்லை. உள்ளே எல்லோரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

முன் கண்ணாடிக்குப் பின்னால் அவர். ஸ்டீயரிங்கில் கை இல்லை. இரண்டு கைகளாலும் தன் வலது முழங்காலைப் பிடித்து, பலங்கொண்ட மட்டும் மேலே இழுத்துக்கொண்டிருந்தார்.