மூன்று டிகிரி கூடுதல்

காலை ஒன்பது மணிக்கு ஆய்விதழ் வந்தது. ஒன்பதரைக்குத் தங்கை போனில் அழுதாள். பத்து மணிக்கு போலீஸ் இன்ஸ்பெக்டரான அக்கா அவளுடைய ஆய்வகத்தில், விடுப்பு நாளில், கொதித்துக்கொண்டு நின்றாள்.

ஆறு வருடம் நாயாய் உழைத்துத் தங்கை உருவாக்கிய கலப்பு உலோகம் அது. காந்தத்தில் ஒட்டும், ஒரு குறிப்பிட்ட சூடு வந்ததும் பட்டென்று விட்டுவிடும். அதைப் பற்றிய கட்டுரையில் இருந்தது ஒரே பெயர், துறைத் தலைவருடையது. பிக்பாக்கெட்காரன்கூட அடித்த பர்ஸில் தன் பெயரை அச்சடித்துக்கொள்வதில்லை. நாளை மறுநாள் நிரந்தர வேலைக்கான தேர்வு; தேர்வுக் குழுவில் அவரும் ஒருவர். தங்கை சொல்லிக்கொள்ள வைத்திருந்த பெரிய கட்டுரை இது ஒன்றுதான்.

"கம்ப்யூட்டர்ல இருந்ததெல்லாம்?"

"அழிச்சுட்டாரு. ரூம் சாவி அவர்கிட்டயும் ஒண்ணு இருக்கு."

"மிச்சம் என்ன இருக்கு?"

"ஒரு துண்டு உலோகம். அப்புறம் இந்த ஓட்டை உடைசல்தான்."

அக்கா மேசையைத் துழாவினாள். ஐஸ் தண்ணீர் டம்ளருக்குள் ஒரு மின் தெர்மாமீட்டர். திரையில் மூன்று.

"ஐஸ் தண்ணி சைபர்தானே காட்டணும்?"

"அது எப்பவும் மூணு கூடக் காட்டும். புதுசு கேட்டேன், எதுக்குன்னுகூடக் கேக்காம காசில்லைன்னுட்டாரு. காட்டுறத அப்படியே பதிஞ்சு வச்சேன். எழுதறப்போ கழிச்சுக்கலாம்னு இருந்தேன்."

அக்கா கட்டுரையை மறுபடி படித்தாள். காலையிலிருந்து நறநறத்த பற்கள் அப்போதுதான் ஓய்ந்தன.

மதியம், ஆய்வு நிலைய இயக்குநர் அறை. துறைத் தலைவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்களேதான் அளந்தீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"என் லேப்ல. என் கருவியில."

"கருவி சரியா இருக்குமா?"

அவருக்குச் சுருக்கென்றது. தன் தெர்மாமீட்டரை வரவழைத்து ஐஸ் தண்ணீரில் வைத்தார். சைபர். கொதிக்கும் தண்ணீரில் நூறு.

"திருப்தியா?"

"ரொம்ப" என்றாள் அக்கா.

தங்கை உலோகத் துண்டைக் காந்தத்தின் அடியில் ஒட்டி, எண்ணெய் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணத்தில் இறக்கினாள். பக்கத்திலேயே அவருடைய கருவியை வைத்து மெல்லச் சூடேற்றினாள். நாற்பத்து நான்கில் துண்டு டிங்கென்று விழுந்தது.

"கட்டுரையில நாப்பத்தேழுன்னு போட்டிருக்கே?" என்றார் இயக்குநர்.

துறைத் தலைவர் தங்கையைப் பார்த்துச் சீறினார். "உன் தெர்மாமீட்டர் கோளாறுன்னு எங்கிட்ட ஏன் சொல்லலை?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"அவ தெர்மாமீட்டரைப் பத்தி இங்க யாருமே பேசலையே சார்" என்றாள் அக்கா. "நீங்க அளந்திருந்தா நாப்பத்து நாலு வந்திருக்கும். அவ கருவி மூணு கூடக் காட்டினதைத் திருடுனதால நாப்பத்தேழு. கேட்டப்பவே புதுசு வாங்கிக் கொடுத்திருந்தீங்கன்னா உங்களை யாராலயும் பிடிச்சிருக்க முடியாது."

"தேர்வுக் குழுவுல இனி இவர் இல்லை" என்றார் இயக்குநர்.

துறைத் தலைவரின் குரல் இறங்கியது. "இங்க பாரும்மா... ரெண்டு பேர் பேரையும் போட்டுத் திருத்தி அனுப்பிடலாம்."

தங்கை துண்டை எடுத்துத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வேண்டாம் சார். நாப்பத்தேழு உங்க பேர்லயே இருக்கட்டும். நாப்பத்து நாலை நான் எழுதிக்கறேன்."